மிளகாயும் நெருப்பும் ஒரே வாயிலில்

கண்ணை மூடிக்கொண்டு, அதன் வெளியோரத்தை இமையின் மேலாக விரலால் மெல்ல அழுத்தினால் ஓர் ஒளி வளையம் தோன்றும். அறை கும்மிருட்டாக இருந்தாலும் தோன்றும். அழுத்தியது காதுப் பக்கத்தில். ஒளி தெரிவதோ மூக்குப் பக்கத்தில். விழித்திரையின் அந்த ஓரத்தில் வழக்கமாக விழுவது எதிர்ப்பக்கத்துப் பொருளின் ஒளிதான். ஆகவே மூளை பழைய வழக்கப்படியே இடம் குறித்துவிடுகிறது. அங்கே ஒளியே இல்லை, அழுத்தம்தான் இருந்தது என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஜெர்மானிய உடலியலாளர் யோகான்னஸ் முல்லர் 1820-களிலும் 1830-களிலும் இந்த மாதிரிச் சின்னச் சோதனைகளைப் பிடித்துக்கொண்டு பெரிய முடிவொன்றுக்குப் போனார். பார்வை நரம்பை ஒளியால் தூண்டினாலும், அடித்தாலும், மின்சாரம் பாய்ச்சினாலும் கிடைப்பது ஒளியுணர்வே. அதே மின்சாரத்தைக் காதில் பாய்ச்சினால் ஓசை கேட்கிறது. நாக்கில் பாய்ச்சினால் சுவை தெரிகிறது. எது தூண்டியது என்பதைவிட எந்த நரம்பு தூண்டப்பட்டது என்பதே உணர்வின் வகையைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். உணர்வேற்பிகளைப் பற்றி அதற்குப் பிறகு நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி முல்லரின் அந்த ஒற்றைச் சூத்திரத்துக்கு எழுதப்பட்ட உரை என்றே எனக்குப் படுகிறது. ஏற்பிக்கு உலகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தன்மேல் ஏதோ ஒன்று நடந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

அந்த ‘ஏதோ ஒன்று’ மின்குறியாக மாறும் விதம் அடிப்படையில் எளிமையானது. ஓய்ந்திருக்கும் நரம்பு செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின் நிலையில் இருக்கிறது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் ஆங்காங்கே புரதத்தால் ஆன வாயில்கள் உண்டு. அழுத்தமோ வெப்பமோ ஒரு வேதிப்பொருளோ வாயிலைத் திறந்தால் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, மின்னழுத்தம் மாறுகிறது. மாற்றம் ஓர் எல்லையைத் தாண்டியதும் ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி நீளும் மின்துடிப்பு ஒன்று புறப்பட்டு நரம்பிழை வழியே ஓடுகிறது. கண் மட்டும் இதில் விசித்திரம்: விழித்திரையின் ஒளியேற்பிகளில் இருட்டில்தான் வாயில்கள் திறந்திருக்கின்றன, ஒளி பட்டால் மூடிக்கொள்கின்றன. அந்த மூடலே செய்தியாகிவிடுகிறது.

மெல்லத் தொட்டதையும் ஓங்கிக் குத்தியதையும் இந்தத் துடிப்புகள் எப்படி வேறுபடுத்துகின்றன? கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் ஸ்வீடனிலிருந்து வந்திருந்த இங்வே ஸோட்டர்மனும் 1926-இல் இதற்கு விடை கண்டார்கள். தவளையின் மார்புப் பகுதியில் உள்ள ஒரு சிறு தசையை எடுத்து, அதன் நரம்போடு மின்கருவியை இணைத்து, ஒரேயோர் ஏற்பியின் துடிப்பு மட்டும் பதிவாகும்வரை தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்தார்கள். தசையில் எடையைத் தொங்கவிட்டால் துடிப்புகள் வந்தன. எடையைக் கூட்டியபோது துடிப்பின் உயரம் இம்மியும் கூடவில்லை. வினாடிக்கு எத்தனை என்ற எண்ணிக்கைதான் கூடியது. தவளைத் தசையானாலும் மனிதக் காதானாலும் கண்ணானாலும், நரம்பில் ஓடுவது ஒரே அளவுள்ள துடிப்புகள். அடர்த்தியில் மட்டுமே வேற்றுமை. ஏட்ரியனுக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. முல்லர் ஊகித்ததற்கு மின்கருவியில் பதிந்த சான்று இதுதான்: செய்தியில் ‘நான் ஒளி’, ‘நான் சூடு’ என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. எந்த வழியாக வந்தது என்பதை வைத்து மூளை பொருள் கொள்கிறது.

அதே பதிவில் இன்னொன்றும் இருந்தது. எடையை அப்படியே விட்டுவைத்தால், நேரம் செல்லச் செல்லத் துடிப்புகள் அருகின. நீடித்து ஒரே மாதிரி இருக்கும் தூண்டலை ஏற்பி மெல்ல மெல்லப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. காலையில் போட்ட சட்டை தோலில் உரசுவது பத்து மணிக்கு நினைவில் இல்லாததற்கு இது ஒரு காரணம். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் சற்று நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் இட்டால் ஒரே நீர் ஒரு கைக்குச் சில்லென்றும் மறு கைக்குச் சூடாகவும் இருக்கும். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். வெப்பமானி காட்டும் எண்ணைத் தோல் சொல்வதில்லை. முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது.

தோல் ஒரே சீரான உணர்பரப்பு அல்ல என்பது 1880-களில் தெரிந்தது. உப்சாலாவில் மாக்னஸ் பிளிக்ஸ் கூர்முனைக் கருவியால் தோலைப் புள்ளி புள்ளியாகச் சோதித்தபோது, சில புள்ளிகள் குளிர்ச்சியை மட்டும் உணர்ந்தன. சில சூட்டை மட்டும். குளிர்ப் புள்ளிகள் சூட்டுப் புள்ளிகளைவிட மிக அதிகம். பிறகு மாக்ஸ் ஃபொன் ஃபிரே வெவ்வேறு தடிப்புள்ள மயிர்களைக் குச்சிகளில் ஒட்டி, எவ்வளவு அழுத்தம் எங்கே உணரப்படுகிறது என்று அளந்தார். இன்றைய நரம்பு மருத்துவர்கள் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வளைத்துப் பார்க்கும் நைலான் இழை அந்த மயிர்களின் வாரிசு. ஃபொன் ஃபிரே கண்ட விந்தை இன்னொன்று: 45 டிகிரிக்கு மேற்பட்ட சூடான முனையைக் குளிர்ப் புள்ளியில் வைத்தால், அந்த இடம் சில்லென்று உணர்கிறது. முல்லர் உயிரோடு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தோலுக்குள் இருக்கும் உறுப்புகளில் மிகப் பெரியதை முதலில் சரியாகப் பார்த்தவர் ஒரு மாணவர். இத்தாலியின் பிஸ்தோயா நகரில், 1831-இல், பிலிப்போ பாச்சினி என்ற மருத்துவ மாணவர் பிணக்கூராய்வில் கை ஒன்றை ஆராயும்போது விரல் நரம்புகளை ஒட்டிச் சிறு வெண்மணிகளைக் கவனித்தார். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம், வெறுங்கண்ணுக்கே தெரியும். ஏறக்குறைய நூறாண்டுக்கு முந்தைய ஜெர்மானிய நூல் ஒன்றில் அவற்றைப் பற்றிய குறிப்பு இருந்தும் யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை. (இதே பாச்சினிதான் 1854-இல் ஃபிளாரன்ஸில் காலராக் கிருமியையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவுசெய்தார். அதையும் அவர் காலத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. புகழ் முப்பது ஆண்டுக்குப் பின் ராபர்ட் கோக்குக்குப் போயிற்று.)

பாச்சினி மணியைக் குறுக்கே வெட்டினால் வெங்காயம் போலப் பல அடுக்குகள். நடுவில் ஒரு நரம்பு முனை. அடுக்குகளுக்கிடையே திரவம். மெதுவாகவோ தொடர்ச்சியாகவோ அழுத்தினால் திரவம் நகர்ந்து அழுத்தத்தைச் சமன்செய்துவிடும். நடுவில் உள்ள நரம்புக்கு ஒன்றும் எட்டாது. வேகமான அதிர்வு மட்டும் அடுக்குகளைத் தாண்டி உள்ளே போகும். வெர்னர் லோவன்ஸ்டைன் 1960-களில் அடுக்குகளை உரித்தெடுத்து வெறும் நரம்பு முனையை அழுத்தினார். அது தொடர் அழுத்தத்துக்கும் நீண்ட நேரம் பதில் கொடுத்தது. அதாவது, மாற்றத்தை மட்டும் சொல், மற்றதை விடு என்ற பிரிப்பில் பெரும்பங்கை நரம்பைச் சுற்றியுள்ள உறையே செய்கிறது. வினாடிக்கு இருநூறு முறைக்கு மேல் அதிரும் பொருளைத் தொட்டால், ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அசைவைக்கூட இந்த உறுப்பு பிடித்துவிடும். கைத்தடியின் நுனி தரையில் உரசுவதைப் பிடியில் உணர்வதும், மண்வெட்டி கல்லில் பட்டதா மண்ணில் இறங்கியதா என்று கைக்கே தெரிவதும் இதன் கைங்கரியம்.

தோலில் உள்ள மற்ற மூன்று தொடு ஏற்பிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விரல் ரேகைகளின் அடியில் மெர்க்கெல் செல்கள்: விளிம்பு, மேடு, எழுத்தின் புடைப்பு ஆகியவற்றைச் சொல்பவை. அவற்றருகே மைஸ்னர் உறுப்புகள்: வழுக்கலையும் மெல்லிய படபடப்பையும் பிடிப்பவை. ஆழத்தில் ருஃபினி முனைகள்: தோல் இழுபடுவதை அறிபவை. பெயர்கள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டு உடற்கூறியலாளர்களுடையவை. உள்ளங்கையும் விரல்களின் உட்புறமும் சேர்ந்த பரப்புக்கு, ஒரு கைக்கு, சுமார் 17,000 தொடு நரம்பிழைகள் வருகின்றன என்று 1979-இல் ஸ்வீடனின் யோஹான்சனும் வால்போவும் கணக்கிட்டார்கள். விரல் நுனியில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரு முனைகளை இரண்டு என்றே அறிகிறோம். முதுகில் 4 சென்டிமீட்டர் விலகினால்தான் இரண்டாகத் தெரிகின்றன.

ஆகே வால்போவும் கார்ல்-எரிக் ஹாக்பார்த்தும் 1960-களில் உப்சாலாவில் தொடங்கிய ஒரு முறை இங்கே முக்கியமானது. மயிரினும் நுண்ணிய முனையுள்ள டங்ஸ்டன் ஊசியை விழித்திருக்கும் மனிதரின் கை நரம்புக்குள் செலுத்தி, ஒரேயோர் நரம்பிழையின் துடிப்பைக் கேட்பது. முதலில் தங்கள் கைகளிலேயே செய்துபார்த்தார்கள். பின்னர் 1980-களில் அதே ஊசிவழியாகத் தலைகீழாகவும் முயன்றார்கள்: கேட்பதற்குப் பதில், அந்த ஒற்றை இழையில் மெல்லிய மின்சாரத்தை அனுப்பினார்கள். மெர்க்கெல் செல்லுக்குரிய இழையானால், எதுவும் படாத விரலில் ஒரு புள்ளியில் யாரோ அழுத்துவதுபோல் இருந்தது. மைஸ்னருக்குரியதானால் தட்டுவதுபோல். பாச்சினிக்குரியதானால் அதிர்வதுபோல். ஏற்பியைத் தொடவேயில்லை, முழங்கைப் பக்கம் நரம்பிழையில் புகுந்த மின்சாரம்தான். ஆனாலும் உணர்வு அதனதன் வகையிலேயே, அதனதன் இடத்திலேயே தோன்றியது. நூற்றைம்பது ஆண்டு தள்ளி, ஒரே இழையில், முல்லரின் கூற்று மெய்ப்பட்டது.

நாம் அறியாமலே இந்த இழைகள் வேலை செய்யும் நேரமே அதிகம். கையில் பிடித்த கண்ணாடி டம்ளர் நழுவத் தொடங்கினால், பத்தில் ஒரு வினாடிக்குள்ளாகவே பிடி இறுகிவிடுகிறது. நழுவியது என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. விரல் நுனிகளை மட்டும் மரத்துப்போகச் செய்து சோதித்தபோது, தசைகள் அனைத்தும் நன்றாக இருந்தும், தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து உரசுவதே பெரும்பாடாகியது.

இனி மிளகாய். அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகே நம் சமையலறைக்குள் வந்தது. அதன் காரப்பொருளான கேப்சைசின் வலிநரம்புகளைத் தேர்ந்தெடுத்துத் தாக்குகிறது என்பதை முதலில் ஆராய்ந்தவர்கள், மிளகாய்ப்பொடி இல்லாமல் சமைக்காத இன்னொரு நாட்டினர்: ஹங்கேரியர். ஸெகெட் நகரில் மிக்லோஷ் யாஞ்சோ 1940-களில், கேப்சைசினைத் திரும்பத் திரும்பச் செலுத்திய விலங்குகள் பிற்பாடு அதையும் வேறு பல எரிச்சலூட்டும் பொருள்களையும் உணராமல் போவதைக் கண்டார். ஆனால் எந்தப் புரதம் கேப்சைசினைப் பிடிக்கிறது என்று அரை நூற்றாண்டு தெரியவில்லை.

1997-இல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது. முறை பொறுமையைக் கோருவது. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் இயங்கும் மரபணுக்களின் நகல்களை, சாதாரணமாகக் கேப்சைசினை உணரவே உணராத செல்களுக்குள் தொகுதி தொகுதியாக ஏற்றினார்கள். பின் கேப்சைசினை விட்டு, எந்தத் தொகுதியில் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து சாயம் ஒளிர்கிறது என்று பார்த்தார்கள். ஒளிர்ந்த தொகுதியைப் பிரித்து, அதில் ஒளிர்ந்ததை மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே மரபணுவில் வந்து நின்றார்கள். இன்று அந்த வாயிலின் பெயர் டிஆர்பிவி1. அடுத்துச் செய்த சோதனைதான் கதையை மாற்றியது. கேப்சைசினே இல்லாமல் செல்களைச் சூடாக்கினார்கள். 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அதே வாயில் திறந்துகொண்டது. தோலுக்குச் சூடு வலியாக மாறத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான்.

ஆக, பச்சை மிளகாயைக் கடித்தால் வாய் ‘எரிகிறது’ என்பது உவமை அல்ல. நாவின் நரம்பைப் பொறுத்தவரை மிளகாயும் கொதிக்கும் ரசமும் ஒரே செய்தியைத்தான் அனுப்புகின்றன. பிரித்தறிய அதனிடம் வேறு சொல் இல்லை. காரம் நாவில் இருக்கும்போது சூடான காப்பி குடித்தால் இரட்டிப்பாகச் சுடுவதும் இதனால்தான்: இரண்டு தூண்டல்களும் ஒரே வாயிலில் கூடுகின்றன. அழற்சி ஏற்பட்ட இடத்தில் இந்த வாயில் திறக்கும் வெப்ப எல்லை கீழே இறங்கிவிடுகிறது. வெயிலில் தோல் புண்ணானவருக்கு வெதுவெதுப்பான நீரே தீயாகப் படுவது அதன் விளைவு. கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீரை மொண்டு குடித்துப் பயனில்லை, தயிரோ பாலோ வேண்டும் என்ற வீட்டு அனுபவம் வேதியியலோடு ஒத்துப்போகிறது.

பறவைகளின் கதை தனி. அவற்றிடமும் இந்த வாயில் உண்டு, வெப்பத்துக்குத் திறக்கிறது. கேப்சைசினுக்கு மட்டும் அசைந்துகொடுப்பதில்லை. பறவை மிளகாய்ப் பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் போடுகிறது. பல்லால் விதையை அரைத்துவிடும் பாலூட்டி காரம் பட்டு விலகிப் போகிறது. செடியின் கணக்கு அப்படி. அந்தக் கணக்கில் சேராத பாலூட்டி மனிதன். துரத்துவதற்காக உண்டான பொருளை வேளைக்கு வேளை விரும்பித் தின்கிறான்.

ஒரு வாயில் கிடைத்ததும் அதன் உறவுகளும் கிடைத்தன. புதினா எண்ணெயின் மென்தாலுக்கும் குளிர்ச்சிக்கும் பொதுவான வாயிலை 2002-இல் ஜூலியஸின் குழுவும் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் ஆர்டம் பட்டாபூட்டியானின் குழுவும் தனித்தனியாக அறிவித்தன. கடுகின் நெடிக்கும் பச்சைப் பூண்டின் காட்டத்துக்கும் இன்னொன்று. ஆனால் ஒரு வாயில், ஓர் உணர்வு என்று கணக்கு முடிவதில்லை. டிஆர்பிவி1 இல்லாத சுண்டெலிகள்கூடச் சுடும் பொருளிலிருந்து காலை எடுத்துவிடுகின்றன. மூன்று வெவ்வேறு வாயில்களை ஒருசேர நீக்கினால்தான் அவற்றுக்குச் சூட்டின் வலி ஏறக்குறைய இல்லாமல் போகிறது என்பது 2018-இல் தெரிந்தது. இவ்வளவு முக்கியமான வேலையை உடல் ஒரே புரதத்திடம் விட்டுவைக்கவில்லை.

பட்டாபூட்டியான் பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியர். 1986-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, அமெரிக்காவுக்குப் போனவர். அழுத்தத்தை உணரும் புரதத்தைத் தேடியது அவருடைய குழு. வெப்பத்துக்கு மிளகாய் கிடைத்ததுபோல அழுத்தத்துக்கு வேதிப்பொருள் எதுவும் கைவசம் இல்லை. பெர்ட்ராண்ட் கோஸ்ட் என்ற ஆய்வாளர், நுண்ணிய கண்ணாடிக் குழாயால் குத்தினால் மின்னோட்டம் காட்டும் ஒரு செல் வகையைத் தேர்ந்தெடுத்தார். வாயிலாக இருக்கக்கூடும் என்று 72 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றாக அணைத்து, செல்லைக் குத்தி, மின்னோட்டம் நின்றதா என்று பார்ப்பது. நிற்கவில்லை. அடுத்தது. ஏறக்குறைய ஓர் ஆண்டு ஓடியது. 72-ஆவது மரபணுவை அணைத்தபோதுதான் செல் குத்துக்கு மசியாமல் போனது. 2010-இல் வெளியான அந்தப் புரதத்துக்குப் பியெசோ1 என்றும், அதன் உறவுக்குப் பியெசோ2 என்றும் பெயரிட்டார்கள். சவ்வில் பொதிந்திருக்கும் மூன்று இதழ்ச் சுழலி வடிவம் அது. இதழ்கள் சவ்வையே கிண்ணமாக வளைத்து வைத்திருக்கின்றன. சவ்வு இழுபட்டால் கிண்ணம் தட்டையாகி நடுத்துளை திறக்கிறது. ஜூலியஸும் பட்டாபூட்டியானும் 2021-இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பியெசோ2 செயல்படாமல் பிறந்த இருவரை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2016-இல் விவரித்தார்கள்: ஒரு சிறுமி, ஓர் இளம்பெண். தோலில் வைத்த இசைக்கவையின் அதிர்வு அவர்களுக்குத் தெரியவில்லை. சூடும் குத்தும் வலியும் தெரிந்தன. அதைவிட வியப்பு: கண்ணைக் கட்டிவிட்டால் நடக்க முடியவில்லை, தடுமாறி விழுந்தார்கள். அவர்களுடைய கையை மற்றவர் பிடித்து மேலே தூக்கினாரா கீழே இறக்கினாரா என்று சொல்லவும் முடியவில்லை. தொடுகைக்கான வாயிலே தசைகளுக்குள்ளும் இருந்து, கைகால் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த உணர்வுக்குத் தமிழில் அன்றாடப் பெயர் இல்லை. பெரும்பாலான மொழிகளிலும் இல்லை. ஐம்புலன் கணக்கில் இதற்கு இடமும் இல்லை. இருந்துகொண்டே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. தசைகளுக்குள் உள்ள நுண்கதிர்கள் தசை நீளுவதையும், தசைநாண்களில் உள்ள உறுப்புகள் இழுவிசையையும் அளக்கின்றன. இவற்றையும் ஏமாற்றலாம். கண்ணை மூடி, மூக்கு நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் மேற்கைத் தசைநாணில் அதிர்வுக்கருவியை வைத்தால், அந்தத் தசை நீள்வதாக ஏற்பி அறிவிக்கிறது. கை முன்னால் நீள்வதாக மூளை கொள்கிறது. விரல்கள் மூக்கைவிட்டு விலகவில்லை என்பதும் அதற்குத் தெரிகிறது. இரண்டையும் சமரசம் செய்ய அது எடுக்கும் முடிவு: மூக்கு நீள்கிறது. 1988-இல் ஜேம்ஸ் லாக்னர் விவரித்த இந்த மாயத்தை அனுபவித்தவர்கள், மூக்கு நீண்டுகொண்டே போவதாகவே உணர்ந்தார்கள்.

விளையாட்டல்லாத எடுத்துக்காட்டும் உண்டு. இயன் வாட்டர்மன் என்ற ஆங்கிலேயருக்கு 1971-இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுகையும் உடல்நிலை உணர்வும் அழிந்தன. தசைகளில் வலு இருந்தது. வலியும் வெப்பமும் தெரிந்தன. அவற்றைச் சுமக்கும் மெல்லிய இழைகள் தப்பித்திருந்தன. ஆனால் கை கால்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாததால் எழுந்து உட்காரவே முடியவில்லை. கண்ணால் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் எண்ணித் திட்டமிட்டு, பல மாத முயற்சியில் மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் சரிந்துவிடுவார். மருத்துவர் ஜோனதன் கோல் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும்போது தொடுகையை முதல் படியில் வைத்து, புல்லுக்கும் மரத்துக்கும் அதைக் கொடுக்கிறது. சுவை, மணம், காட்சி, கேள்வி எல்லாம் அதற்கு மேல் வருகின்றன. பியெசோ குடும்பப் புரதங்கள் தாவரங்களிலும் இருப்பது இப்போது தெரியும். அதைக்கொண்டு பழம்புலவர்கள் மூலக்கூறு உயிரியல் அறிந்திருந்தார்கள் என்று கொடி பிடிக்க வேண்டியதில்லை. தொடுகை மற்றப் புலன்களுக்கு அடியில் இருப்பது என்று கவனித்துச் சொன்ன கண் கூர்மையானது. அந்த மதிப்பே போதும்.

உடலின் உட்பகுதியில் இருக்கும் ஏற்பிகளைப் பற்றிப் பள்ளிப் பாடங்கள் பேசுவதே இல்லை என்பது எனக்கு நீண்டகால ஆதங்கம். கழுத்துத் தமனியின் சுவரில் உள்ள நரம்பு முனைகள் ஒவ்வோர் இதயத்துடிப்பிலும் சுவர் எவ்வளவு விரிகிறது என்று அளந்து ரத்த அழுத்தத்தைச் சீராக்குகின்றன. அங்கும் பியெசோ1, பியெசோ2 இரண்டும் பணியில் இருப்பதாக 2018-இல் தெரிந்தது. சிறுநீர்ப்பை நிறைந்ததைச் சொல்வதிலும் பியெசோ2-க்குப் பங்குண்டு. கழுத்துத் தமனியின் பக்கத்திலேயே இன்னொரு சிறு உறுப்பு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்குப் பெல்ஜியத்தின் கார்னேல் ஹேமன்ஸ் 1938-இன் நோபலைப் பெற்றார்.

இந்தத் துறையின் முன்வரிசையில் இந்தியர் ஒருவர் இருந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பர்மாவில் பிறந்த ஓதார் சிங் பெயின்டல், லக்னோவிலும் எடின்பரோவிலும் படித்தவர். ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுத்துப் பதிவுசெய்வதில் கைதேர்ந்தவர். 1950-களில் இரைப்பையின் விரிவை அறியும் ஏற்பிகளைக் கண்டார். நுரையீரலில், காற்றறைச் சுவருக்கும் ரத்த நுண்குழாய்க்கும் இடைப்பட்ட மெல்லிய இடத்தில் உள்ள ஏற்பிகளையும் கண்டார். பின்னாளில் அவை ஜே ஏற்பிகள் என்று பெயர் பெற்றன. அந்த இடைவெளியில் நீர் கோத்தாலும், கடும் உழைப்பில் நுரையீரல் ரத்தம் பெருகினாலும் இவை துடிக்கத் தொடங்கும். மூச்சு வேகமாகி மேலோட்டமாகும், வறட்டு இருமல் வரும், கால் தசைகள் தளரும். உயரமான மலையில் அவசரமாக ஏறுபவரை நிறுத்தி உட்கார வைக்கும் ஏற்பாடு இது என்று பெயின்டல் கருதினார். டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தை நடத்திய அவர், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். பாச்சினியையும் மெர்க்கெலையும் மனப்பாடம் செய்யும் நம் மருத்துவ மாணவர்கள் இவர் பெயரையும் சேர்த்துக்கொண்டால் குறைவில்லை.

கடைசியாக வலி. கால் விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் முதலில் ‘சுரீர்’ என்று ஒன்று. ஒரு வினாடி கழித்துத்தான் ஆழமான, பரந்த வேதனை வருகிறது. இரண்டும் ஒரே இடியின் செய்திகள், வேறு வேறு இழைகளில் வந்தவை. மெல்லிய உறை போர்த்திய இழைகளில் துடிப்பு வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத இழைகளில் ஒரு மீட்டர் அளவுதான். கால் விரலிலிருந்து தலைவரை வர ஒரு வினாடிக்கு மேல் ஆகும். முதலாவது காலை இழுக்கச் சொல்கிறது. இரண்டாவது இடத்தைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொல்கிறது.

வலி இல்லாமல் பிறப்பது வரம் என்று எண்ணுபவர்கள் வடக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு சிறுவனின் கதையை அறிய வேண்டும். தெருவில் தன் கையில் கத்தியைக் குத்திக் காட்டியும் எரியும் தணலில் நடந்து காட்டியும் பிழைத்தவன் அவன். 14-ஆவது பிறந்தநாளுக்கு முன்பே, கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜெஃப்ரி வுட்ஸின் குழு அவனுடைய உறவுக் குடும்பங்களில் இதே நிலையில் உள்ள ஆறு குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் காரணத்தை வெளியிட்டது. குழந்தைகளுக்குத் தொடுகை தெரிந்தது, சூடு தெரிந்தது, குளிர் தெரிந்தது. வலி என்றால் என்ன என்றே தெரியவில்லை. நாக்கும் உதடும் கடிபட்டிருந்தன, எலும்புகள் முறிந்திருந்தன. அவர்களிடம் பழுதடைந்திருந்தது, ஏற்பியில் பிறந்த சிறு மின்மாற்றத்தைப் பெருக்கித் துடிப்பாக்கும் நேவி1.7 என்ற சோடியம் வாயில். மூக்கின் நரம்புகளும் அதே வாயிலை நம்பியிருப்பதால் இத்தகையவர்களுக்கு மணமும் தெரிவதில்லை. அந்த 2006 ஆய்வுக்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, இதே மரபணுவில் வேறு விதமான மாற்றம் கொண்ட சீனக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆய்வு வந்திருந்தது. அவர்களின் வாயில் எளிதில் திறந்துகொள்கிறது. லேசான வெப்பத்துக்கே கைகால்கள் சிவந்து தீயாய் எரிகின்றன.

ஒரு வாயிலை அடைத்தால் வலி போய்விடும், போதை தரும் மருந்துகள் வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில் மருந்து நிறுவனங்கள் நேவி1.7-இன் பின்னால் ஓடின. மனிதரிடம் நடந்த சோதனைகளில் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சியது. பிறகு, உடலின் வலிநரம்புகளில் இருக்கும், மூளையில் அநேகமாக இல்லாத நேவி1.8-இன் பக்கம் திரும்பினார்கள். அதை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் அனுமதி அளித்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற குறுகியகாலக் கடும் வலிக்கு. அங்கே வெறும் மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்தது; வழக்கமான ஓபியாய்டு கலவையை மிஞ்சவில்லை. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நாள்பட்ட நரம்பு வலியிலும் அதைச் சோதித்து, முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். மருந்து உட்கொண்டவர்களுக்கு, பத்துக்கு மதிப்பிட்ட வலியில் சுமார் இரண்டு புள்ளி குறைந்திருந்தது. மருந்தே இல்லாத மாத்திரையை உட்கொண்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது.